பீரோவுக்குள் கான்கிரீட் ஊற்றுவது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரப் பீரோ வாங்கி, உள்ளே கான்கிரீட் ஊற்றிச் சிற்பம் செய்ய நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு. இந்த ஆசைக்கு மூலம் யார் என்று தெரியும்: சிற்பி டோரிஸ் சல்சேடோ. 1958இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் பிறந்தவர். அரசியல் வன்முறையில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களிடம் பேசிக் கேட்டு, அதிலிருந்து வேலை செய்பவர். துணி மடித்து வைக்கும் இடமெல்லாம் அவர் பீரோக்களில் கான்கிரீட். சிலவற்றில் சட்டைத்துணியும் அதில் புதைந்து தெரியும்.

முதலில் எடை. நாலடி அகலம், ஆறடி உயரம், ஒன்றரையடி ஆழம் என்றால் 36 கன அடி. முழுக்க நிரப்பினால் ஏறக்குறைய இரண்டரை டன். நாலு காலில் அந்தப் பாரம் இறங்கினால் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) பதித்த ஆத்தங்குடிக் கல் தாங்காது. மச்சைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நடுவில் தெர்மகோல் கட்டை வைத்துச் சுற்றிலும் மூன்று அங்குலம் மட்டும் ஊற்றினால் 1,150 கிலோ அளவில் முடியும்.

நிற்க வைத்து ஊற்றாதீர்கள். ஆறடி ஈரக் கான்கிரீட் அடியில் சதுர மீட்டருக்கு நாலரை டன் அழுத்தும். மூட்டிலுள்ள கழுந்து பிடுங்கிக்கொண்டு பலகை வெளியே வரும். கதவைக் கழற்றி, மணல் பரப்பிய தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். உட்புறம் இரண்டு கை சீலர் அடித்துக் காயவிடுங்கள். இல்லையென்றால் மரம் கலவைத் தண்ணீரைக் குடித்து உப்பும், சிமெண்டின் காரம் தேக்கைக் கறுக்க வைக்கும். ஊசிக்கண் இடைவெளியிலும் சிமெண்டுப் பால் ஒழுகும், எல்லா மூட்டையும் மெழுகால் அடையுங்கள்.

சன்ன ஜல்லி போதும். மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் விடக்கூடாது. கொத்தனார் கேட்பார், மசியாதீர்கள். முதல் மூன்று அங்குலத்தைக் கம்பியோடு ஊற்றி, இறுகிய பின் தெர்மகோலை அந்தக் கம்பியில் கட்டுங்கள். கட்டாவிட்டால் மிதந்து மேலே வந்துவிடும். மீதியை ஆறு அங்குலத் தவணைகளாக ஊற்றலாம். பருத்தித் துணி பதிப்பதானால் சிமெண்டுப் பாலில் முக்கியே பதியுங்கள். காய்ந்த துணி கலவையின் தண்ணீரை உறிஞ்சி, அந்த இடம் பொடிந்துபோகும்.

ஈரச் சாக்கு போர்த்தினால் மரம் உப்பும். பிளாஸ்டிக் தாளால் ஏழு நாள் மூடிவையுங்கள். நிமிர்த்த, தலைமாட்டுக் கம்பியில் முன்னமே விட்ட வளையத்தில் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டுங்கள், மரத்தில் அல்ல.

இவ்வளவு பாரம் வேண்டாமென்றால் சல்சேடோவிடமே வேறு வழி உண்டு. 1985 நவம்பரில் பொகோட்டா நீதி மாளிகை (உச்ச நீதிமன்றம்) முற்றுகையில் செத்தவர்களுக்காக, 2002இல் அதே இடத்தில் எழுந்த புதுக் கட்டடச் சுவரில் 53 மணி நேரம் 280 நாற்காலிகளை ஒவ்வொன்றாக இறக்கினார். கயிறும் பொறுமையும்தான் செலவு (அனுமதி வாங்குவது தனிக் கதை).

எந்தப் பீரோ என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பாகம் பிரிந்து, வீட்டை இடித்துக் கடைக்கு வந்த சாமான் மேல் காணாமல் போனவரின் துக்கத்தை ஏற்றுவது பொய். 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர்களின் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. அவர்களிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். செதுக்கு வேலைப்பாடுள்ளது வேண்டாம். பூவுக்குள் புகுந்த சிமெண்டை எடுக்க முடியாது, பார்ப்பவர் கண்ணும் பூவிலேயே நின்றுவிடும். கண்ணாடி போன, பூட்டுத் துருப்பிடித்த சாதாரண வேங்கைப் பீரோ போதும்.