தீபாவளி வாரம்: ஒரு வயர்மேனின் நாட்குறிப்பு

நவம்பர் 4, சனி

விடிய விடிய மழை. ஏழு மணிக்கே மதுரை விளாங்குடியிலிருந்து போன். "தம்பி, ராத்திரி பூரா கரண்ட் விழுந்துக்கிட்டே இருக்கு. எத்தனை தடவைதான் தூக்கி விடுறது?" என்றார் அந்த அம்மா. வீட்டில் அவரும் மூன்று வயதுப் பேத்தியும்தான்.

போய்ப் பார்த்தால் விழுவது எம்சிபி (லோடு அதிகமானால் ஒவ்வொரு லைனையும் அறுக்கும் சுவிட்ச்) இல்லை, ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் அறுக்கும் சுவிட்ச்). போன மழைக்கு வந்த ஒருவர், "இதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடுகிறேன், தொல்லை இருக்காது" என்றாராம். இந்த அம்மா மகனைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஆளை அப்படி அனுப்பியது எவ்வளவு நல்ல காரியம் என்று அம்மாவிடமே சொன்னேன். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும் பொருள் அது. கை ஈரத்தோடு கிரைண்டரைத் தொடும் வீட்டில் உயிரைக் காப்பது அதுதான். அதை நேராகக் கொடுப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இன்றுவரை குறையவில்லை.

எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியைத் தூக்கினால் நிற்கிறது. பிறகு எந்த எம்சிபியைப் போட்டு ஃபேனை ஓடவிட்டாலும் விழுகிறது. ஹாலைப் போட்டாலும் சரி, சமையலறையைப் போட்டாலும் சரி. இப்படி "எல்லாமே கெட்டுப்போன மாதிரி" தெரிந்தால் பேஸைத் (கரண்ட் வரும் வயரை) தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. எங்கோ ஒரு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) எர்த்தைத் (தரைக்குப் போகும் பாதுகாப்பு வயரை) தொடுகிறது என்று அர்த்தம். சிங்கிள்-போல் எம்சிபி பேஸை மட்டும்தான் அறுக்கும். நியூட்ரல் எல்லாம் லிங்க் என்கிற பொதுப் பட்டையில் ஒன்றாகவே கிடக்கும். அதனால் எந்த அறையில் லோடு ஓடினாலும் திரும்பிவரும் கரண்டில் ஒரு பங்கு அந்தக் கெட்ட நியூட்ரல் வழியாக எர்த்துக்குப் போய்விடும்.

மெயினை இறக்கினேன். டெஸ்ட் லேம்பை (வயர் கட்டிய குண்டு பல்பை) வைத்துச் சப்ளை இல்லை என்று உறுதி செய்தபின், லிங்க்கிலிருந்து நியூட்ரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எர்த்துக்கும் அதற்கும் நடுவே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர்) வைத்தேன். ஏழு வயரில் ஆறு நன்றாக இருந்தன. ஏழாவதில் மெகர் பூஜ்ஜியம் காட்டியது. போர்டிகோவுக்கும் கேட் விளக்குக்கும் போகிற வயர். அதன் பேஸ், நியூட்ரல் இரண்டையும் கழற்றி முனைக்கு டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு மற்றதையெல்லாம் கொடுத்தேன். கேட் தூணை மழை விட்டதும் திறக்க வேண்டும்.

நவம்பர் 5, ஞாயிறு

நான்கு வீடு, ஆறு ஃபேன். ஆறில் நான்குக்குக் கண்டென்சர் (ஃபேனைக் கிளப்பிவிடும் சின்னப் பொருள்) மட்டும்தான் கோளாறு. கையால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது, தானாகக் கிளம்பாமல் உறுமுகிறது என்றால் கண்டென்சர் போய்விட்டது. எந்த நம்பரில் வைத்தாலும் மெதுவாகவே ஓடினாலும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். 2.5 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், கண்டென்சரின் அளவு) என்று மேலே எழுதியிருக்கும், மீட்டரில் வைத்தால் ஒன்றரைக்கும் கீழே காட்டும். பேரிங், காயில் என்று பெரிய செலவு சொல்வதற்கு முன் இந்தச் சின்னப் பொருளை மாற்றிப் பார்ப்பது நியாயம்.

நவம்பர் 6, திங்கள்

திருநகரில் புது வீடு. வயர் இழுக்கிற நாள். என்னோடு வரும் பையனுக்கு இது முதல் வீடு, ஐடிஐ முடித்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

மாடியிலிருந்து இறங்கும் ஒரு பைப்பில் ஜிஐ கம்பி (வயரை இழுக்க முதலில் விடும் இரும்புக் கம்பி) போகவே இல்லை. நான்கு வளைவு. பையன் முட்டித் தள்ளிக்கொண்டே இருந்தான். தள்ளத் தள்ளக் கம்பி உள்ளே சுருண்டு இறுகும். அவனை நிறுத்திவிட்டு, பாலித்தீன் பையில் ஒரு துண்டைக் கிழித்துப் பைப்பின் வாய்க்குக் கொஞ்சம் சின்னதாகப் பந்துபோலச் சுருட்டி நைலான் நூலில் கட்டினேன். மறுமுனையில் பக்கத்து வீட்டு வேக்யூம் கிளீனர். அதன் குழாயைப் பைப்பில் வைத்து, சுற்றியுள்ள இடைவெளியைத் துணியால் அடைத்துவிட்டு ஓடவிட்டதும் நூல் சர்ரென்று போய்ச் சேர்ந்தது. நூலில் கம்பியைக் கட்டி, கம்பியில் வயரைக் கட்டினால் முடிந்தது. பையன் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

வயர்களைக் கட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஆறு வயரையும் ஒரே இடத்தில் கட்டினால் முடிச்சு குண்டாகி வளைவில் சிக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு விரற்கடை பின்தள்ளிக் கட்டி, மேலே டேப்பை இழுத்துச் சுற்றினால் முள்ளங்கி வால் மாதிரி கூராக வரும். முகத்துக்குப் போடும் பவுடரை வயர்மேல் தூவி இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெயோ கிரீஸோ தொடவே கூடாது. பிவிசி இன்சுலேஷனை அது நாளடைவில் கெடுத்துவிடும். இழுப்பவர் ஒருவர், ஊட்டுபவர் ஒருவர். ஊட்டுபவர் கைதான் முக்கியம். வயரை முறுக்காமல் நேராக விட வேண்டும். இழுப்பவர் பலத்தைக் காட்டினால் உள்ளே தோல் உரியும், அது ஐந்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

எல்லா வயரும் போனபின் ஒரு நைலான் நூலையும் பைப்பிலேயே விட்டுவிட்டேன். நாளைக்கு ஒரு வயர் கூடுதலாகத் தேவைப்பட்டால் அது கை கொடுக்கும்.

கீழ்த்தளத்து அறைகளுக்குப் பூச்சு வேலை நாளை தொடங்குகிறது. அதனால் சாயங்காலமே ஒவ்வொரு சுவரையும், தரையிலிருந்து டேப் பிடித்து அளவு தெரிகிற மாதிரி, போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். அலமாரிக்கு ஆணி அடிக்க வரும் தச்சருக்கு அந்தப் படம் போதும்.

நவம்பர் 8, புதன்

மழை விட்டது. விளாங்குடி கேட் தூணைத் திறந்தேன். நினைத்தது போலவே, பைப்புக்குள் வயரை முறுக்கி டேப் மட்டும் சுற்றிய ஜாயிண்ட். தண்ணீர் தேங்கித் தாமிரம் பச்சை பிடித்திருந்தது. பைப்புக்குள் ஜாயிண்ட் போடவே கூடாது என்று என் குருநாதர் முதல் வாரத்திலேயே சொன்னார். கெட்ட பாகத்தை வெட்டி எறிந்து, புது வயர் இழுத்து, தூணின் மேல்பாகத்தில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து உள்ளே கனெக்டரில் சேர்த்தேன். விளக்குக்குள் நுழையுமுன் வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினேன். வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது.

மெகர் இப்போது 100 மெகாஓமுக்கு மேல் காட்டுகிறது. மழையை நினைத்து இருந்த ஒரே கவலை தீர்ந்தது என்றார் அந்த அம்மா. ஆர்சிசிபியில் இருக்கும் 'டி' பட்டனை மாதம் ஒரு முறை அமுக்கிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். பேத்தியைத் தூக்கிக்கொண்டு அவரே அமுக்கினார். விழுந்தது. அவரே தூக்கிவிட்டார்.

நவம்பர் 9, வியாழன்

பழங்காநத்தத்தில் ஒரு தையல் கடை. தீபாவளிக்கு மூன்று நாள்தான், ஐந்து மிஷினும் நிற்கிறது. பாவம், அவர் கண்ணில் தூக்கமே இல்லை.

பையன் பிளக்கில் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரெண்டு ஓட்டையிலயும் எரியுதுண்ணே. ரெண்டு பேஸ் வந்துருச்சா?" என்றான். நல்ல கேள்வி. நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், ஆன் ஆகியிருக்கும் பல்போ மிஷினோ வழியாகப் பேஸ் நியூட்ரல் வயருக்கும் வந்து நிற்கும். டெஸ்டர் அதற்கும் எரியும். டிஜிட்டல் மீட்டரும் இப்படித்தான், சும்மா தொங்கும் வயரில்கூட அறுபது எழுபது வோல்ட் காட்டும். டெஸ்ட் லேம்ப்தான் உண்மை சொல்லும், ஏனென்றால் அது கரண்டை இழுத்துப் பார்க்கிறது. பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தேன், எரிந்தது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தேன், எரியவில்லை. (இந்தக் கடையில் ஆர்சிசிபி இல்லை. இருந்தால் எர்த்துக்கு லேம்ப் வைத்தவுடன் விழும், பயப்பட வேண்டாம்.)

மெயினை இறக்கி லிங்க்கைத் திறந்தால் ஒரு ஸ்குரூ தளர்ந்து வயர் கருகியிருந்தது. கருகிய பாகத்தை நல்ல தாமிரம் தெரிகிறவரை வெட்டி, முறுக்கி, இரண்டாக மடித்து நுழைத்து இறுக்கினேன். மடித்தால் ஓட்டை நிறையும், பிடிமானம் கிடைக்கும். முனைக்கு ஈயம் வைப்பது நல்லதென்று சிலர் நினைக்கிறார்கள்; ஸ்குரூவின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி மறுபடி தளர்ந்துவிடும்.

இதே கோளாறு மீட்டருக்கு முன்னால் இருந்திருந்தால் நான் கை வைத்திருக்க மாட்டேன். அது மின்வாரியத்தின் இடம். வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 எண்ணில், சொல்வதுதான் முறை. மூன்று பேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் விட்டுப்போனால் இன்னும் ஆபத்து. லோடு குறைவாக இருக்கும் பேஸில் வோல்டேஜ் 400 பக்கம்வரைகூட ஏறி டிவி, பிரிட்ஜ் எல்லாம் போய்விடும். ஒரு அறையில் பல்பு பிரகாசமாகவும் அடுத்த அறையில் மங்கலாகவும் எரிந்தால் வேறெதையும் பார்க்காமல் மெயினை இறக்கச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 11, சனி

ஒரே அலைச்சல். சீரியல் பல்பு கட்டும் வேலைதான் அதிகம். ஒரு வீட்டில் சுவிட்சை அணைத்தும் எல்இடி பல்பு லேசாக மினுக்கிக்கொண்டே இருந்தது. சுவிட்சைக் கழற்றிப் பார்த்தால் பேஸுக்குப் பதில் நியூட்ரலை அறுத்துக்கொண்டிருந்தது. மாற்றிவிட்டேன். பல்பு மாற்ற ஏறுபவர் அணைத்துவிட்டோம் என்று நம்பித்தானே கையை விடுவார்.

நவம்பர் 15, புதன்

ஆனையூர்ப் பக்கம் பராமரிப்புக்காக ஒன்பது மணியிலிருந்து கரண்ட் இல்லை. பையன் உடனே சுவிட்ச் போர்டைக் கழற்றப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். ஹாலில் இன்வெர்ட்டர் ஓடுகிறது. ஃபேன் லைட் லைனெல்லாம் உயிரோடு இருக்கிறது. வாரியமும் சில நாள் சொன்ன நேரத்துக்கு முன்பே கொடுத்துவிடும். மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்து, டிபி (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) மூடிமேல் 'ஆள் வேலை செய்கிறார், தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டி, லேம்ப் வைத்துப் பார்த்தபின்தான் அவனை விட்டேன்.

ராத்திரி நல்ல மழை பெய்ததாம், விளாங்குடியில் ஒரு தடவைகூட விழவில்லை என்று போன் வந்தது.

வாங்க வேண்டியது: கண்டென்சர் ஆறு, நைலான் நூல் ஒரு கண்டு, டெஸ்ட் லேம்ப்புக்குக் குண்டு பல்பு. குண்டு பல்பு கடைகளில் அருகிவிட்டது, கிடைத்தால் நான்காக வாங்கி வைக்க வேண்டும். பையனுக்கும் ஒரு டெஸ்ட் லேம்ப் கட்டிக் கொடுக்க வேண்டும்.