குழாய் வாயில் ஒரு கிளை

வெள்ள நீரின் மட்டம் ஏறுவதைக் காட்டும் சென்சார்கள் ஏழு வாங்கத்தான் பணம் இருந்தது. எந்த ஏழு இடம் என்பதைக் கணினிச் சிமுலேஷன் சொல்லட்டும் என்றது நான்தான். அதைத் தவறென்று இன்றும் நான் நினைக்கவில்லை. 2013 மார்ச் 30 அன்று மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸில் வந்த வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். கோடான் சுரங்கப்பாதைக்குள் தண்ணீர் புகுந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் தெருவைச் சொல்லும்போது, முகம் பார்க்காமல் பதில் சொல்ல ஒன்று வேண்டும்.

மலைச்சரிவின் உயரங்களையும் வாய்க்கால்களின் அளவுகளையும் கணினிக்குக் கொடுத்து, விதவிதமாக மழை பெய்யவிட்டோம். எங்கே மட்டம் ஏறுவதைக் கண்டால் கீழே இருப்பவர்களுக்கு அதிக நிமிடங்கள் கிடைக்கும் என்று பார்த்து ஒவ்வோர் இடமாகத் தேர்ந்தெடுத்தோம்.

பாலத்தின் அடியில் முதல் சென்சாரைப் பொருத்தும்போது ஒரு பாட்டி வந்து நின்றார். இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலும் தமிழும் கலந்து பேசினார். "தம்பி, தண்ணீர் முதலில் என் வீட்டுப் பின்பக்கம்தான் வரும்." அழைத்துப் போய்க் காட்டினார். சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்புக் கறை. பக்கத்தில், வாய்க்கால் குழாயின் வாயை ஒரு மரக்கிளையும் பிளாஸ்டிக் பைகளும் அடைத்திருந்தன. எங்கள் கணக்கில் அந்தக் குழாய் முழுக்கத் திறந்திருந்தது.

"கணினியில் பார்த்துவிட்டோம் பாட்டி, இங்கே தண்ணீர் நிற்காது" என்றேன். கறையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"சரி தம்பி, படித்தவர்கள் நீங்கள்" என்றார். அவர் கோபப்பட்டிருக்கலாம்.

கணக்கில் அந்தக் குழாயை அடைத்து, சிமுலேஷனை மறுபடி ஓட்டிப் பார்ப்பது ஓர் இரவு வேலை. ஆனால் எந்தக் குழாயை, எவ்வளவு அடைப்பது? சரிவு முழுக்கக் குழாய்கள். கேட்ட வீட்டுக்கு மட்டும் அடைத்தால் அது நியாயமா? அன்று அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2024 ஜனவரி 15, பெலால் புயல். ஏழு சென்சார்களிலும் மட்டம் சிமுலேஷன் சொன்னபடியே ஏறியது. கணக்கு சரிபார்க்கப்பட்டது என்று அறிக்கையில் எழுதினேன். சரிபார்த்தது அந்த ஏழு இடங்களில் மட்டும். சென்சார் இல்லாத இடத்தில் கணக்கு தவறினால் சொல்ல ஆள் ஏது?

பத்து நாள் கழித்துத் தைப்பூசத்தன்று கோவிலில் பாட்டியைப் பார்த்தேன்.

"வந்தது தம்பி."

"எத்தனை மணிக்குப் பாட்டி?"

"மணி பார்க்கவில்லை. அரிசி மூட்டையைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டிருந்தேன்."

இப்போது அந்தக் குழாயை அடைத்து ஓட்டிப் பார்க்கிறேன். பாதி அடைத்தால் அவர் வீடு ஏழுக்குள் வருகிறது. பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கும் சென்சார் பட்டியலிலிருந்து விழுகிறது.