சோலார் பேனல் வாங்கும்போது வாட்டுக்கு முன்னால் வோல்ட்டைப் பாருங்கள்

கடையில் எல்லோரும் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். ஆனால் பேனலோடு மாட்டும் கருவி பிழைப்பதும் எரிவதும் வோல்ட்டைப் பொறுத்தது. அந்த எண் பேனலின் பின்பக்க ஸ்டிக்கரிலேயே இருக்கிறது.

540 வாட் பேனல் ஒன்றில் ஏறக்குறைய இப்படிப் போட்டிருப்பார்கள்: விஓசி 49.5 வோல்ட், விஎம்பி 41.6 வோல்ட், ஐஎஸ்சி 13.85 ஆம்பியர், ஐஎம்பி 13 ஆம்பியர். ஒயரை எதிலும் மாட்டாமல் மீட்டர் வைத்தால் காட்டுவது விஓசி. பிளஸையும் மைனஸையும் நேராகச் சேர்த்தால் ஓடும் கரண்ட் ஐஎஸ்சி. பேனல் முழு பவர் தரும்போது இருப்பவை விஎம்பியும் ஐஎம்பியும். இரண்டையும் பெருக்கினால் 540 வாட்.

ஒன்றின் பிளஸை அடுத்ததின் மைனஸில் கோத்தால் சீரிஸ்; பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்தால் பேரலல். சீரிஸில் வோல்ட் கூடும், பேரலலில் ஆம்பியர் கூடும். சரி, 150 வோல்ட் வரை தாங்கும் சார்ஜ் கன்ட்ரோலருக்கு (பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி அனுப்பும் கருவி) இந்தப் பேனல் மூன்றை சீரிஸ் போடலாமா? 148.5 தானே வருகிறது! போடவே கூடாது. ஸ்டிக்கர் எண்கள் பேனலில் உள்ள சோலார் செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தவை. குளிர்ந்தால் விஓசி ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.27 சதவீதம். சென்னையில் மார்கழிக் காலை 20 டிகிரிக்கே 150.5 ஆகிவிடும். ஊட்டியில் 5 டிகிரி என்றால் 156.5. கன்ட்ரோலர் போனால் வாரண்டியும் பொதுவாகக் கிடைக்காது. நான்கு பேனலாக வாங்கி, இரண்டிரண்டை சீரிஸ் போட்டு, அந்த இரண்டு ஜோடியைப் பேரலல் செய்யுங்கள்: 99 வோல்ட், 27.7 ஆம்பியர். 48 வோல்ட் பேட்டரிக்கு இது தாராளம். கன்ட்ரோலர் அந்த ஆம்பியரைத் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் கதை தலைகீழ். சித்திரை மதியம் செல் 65 டிகிரிக்குப் போகும். பவர் டிகிரிக்கு 0.35 சதவீதம் என்ற கணக்கில் 14 சதவீதம் குறைந்து, 540 வாட் பேனல் சுமார் 464 வாட்தான் தரும். இதைப் பார்த்து டூப்ளிகேட் பேனல் என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

கரண்ட் பில்லில் வரும் யூனிட் என்பது ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடுவது. தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனலுக்கு நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் வைத்துக்கொள்ளலாம். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட்; லெட்-ஆசிட் என்றால் பாதிக்கு மேல் இறக்காதீர்கள்.

பேனலிலிருந்து வருவது ஒரே திசையில் ஓடும் டிசி கரண்ட்; வீட்டு லைனில் வருவது ஏசி கரண்ட். ஆனாலும் பேனல் பக்கம் ஏசிக்கான எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே ஆஃப் ஆகும் சுவிட்ச்) போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால், எம்சிபி ஆஃப் ஆகும்போது எழும் தீப்பொறி தானே அணையும். டிசியில் எளிதில் அணையாது, எம்சிபி உள்ளேயே உருகிவிடலாம். டிசி எம்சிபிதான் வேண்டும். லோடு ஓடும்போது எம்சி4 கனெக்டரை (பேனல் ஒயர்களை இணைக்கும் பிளக்) பிடுங்கக் கூடாததும் இதனால்தான்: முதலில் பேனல் லைனைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரை ஆஃப் செய்யுங்கள், பிறகு கனெக்டரில் கை வையுங்கள்.