இயந்திரம் பூச்சியம் என்றது, அண்ணை மோதிரம் என்றார்

அம்மம்மாவின் கால்விரல் ஒன்று நீரிழிவுப் புண்ணில் போனது. என் ஆய்வுக்கான கேள்வியும் அங்கிருந்துதான் வந்தது: ஆறாத புண்ணில் நியூட்ரோபில்கள் என்ற வெண்குருதிக் கலங்கள் தேவைக்கு மேல் தங்கி நின்று கெடுக்கின்றனவா? நீரிழிவு வரவழைத்த சுண்டெலிகளில் அந்தக் கலங்களை மட்டும் அகற்றிவிட்டு, புண் மூடுவதை அளப்பது திட்டம்.

அகற்றுவதற்கு, குறிப்பிட்ட கலத்தில் போய் ஒட்டும் புரதமான பிறபொருளெதிரி வேண்டும். பழைய ஆய்வுகள் பலவற்றில் ஆர்பி6-8சி5 என்ற பிறபொருளெதிரி வகை இருக்கும். அது நியூட்ரோபிலின் மேற்பரப்பிலுள்ள லை6ஜி என்ற புரதத்தோடு லை6சி என்ற புரதத்தையும் பிடிப்பதால், லை6சி உள்ள மொனோசைட்டுகள் என்ற வேறு வெண்குருதிக் கலங்களும் சேர்ந்தே போய்விடும். பிறகு புண் ஆறியது எதனால் என்று யாரைக் கேட்பது? அதனால் லை6ஜி-யை மட்டும் பிடிக்கும், பெரிய எலியிலிருந்து (rat) வந்த 1ஏ8 என்ற பிறபொருளெதிரியை எடுத்தேன். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில், ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸோடு யாழ்ப்பாணம் வந்தது. ஒப்பிடுவதற்கான கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அதே அளவில், அதே எலி வகையிலிருந்து வந்த, ஆனால் எதையும் பிடிக்காத ஐஜிஜி2ஏ என்ற பிறபொருளெதிரி.

ஊசி போட்டு, வாலில் குருதி எடுத்து, சாயமேற்றிய மாதிரிகளை அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பினேன். கலங்களை அவற்றில் ஒட்டிய நிறத்தை வைத்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் இயந்திரத்தின் முடிவு: லை6ஜி உள்ள கலங்கள் கிட்டத்தட்டப் பூச்சியம். அன்று பின்னேரம் எல்லோருக்கும் நல்லூரடியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

மறுநாள், ஆய்வுகூட அண்ணை லீஷ்மன் சாயமிட்ட குருதிப் பூச்சை நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உதில மோதிரம் மோதிரமாக் கிடக்குதே, என்னது?"

சுண்டெலி நியூட்ரோபிலின் கரு வளையமாக இருக்கும். அத்தனையும் உயிரோடு நின்றன!

பிழை என்னுடையதுதான். கொல்லவும் 1ஏ8, தேடவும் நிறமேற்றிய 1ஏ8. பஸ் சீற்றில் லேஞ்சி போட்டு இடம் பிடிப்பதுபோல, ஊசியில் போனது ஏற்கெனவே லை6ஜி-யில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பிறகு வந்த நிறத்துக்கு இடமே இல்லை. கலம் இருந்தும் இயந்திரத்தின் கண்ணுக்கு இல்லை. போதாக்குறைக்கு, என்புமச்சை புதிதாக அனுப்பும் நியூட்ரோபில்களின் மேற்பரப்பில் லை6ஜி குறைவு. அவை மருந்துக்கும் தப்பும், தேடலுக்கும் தப்பும்.

சேர் ஏசவில்லை. "முதல் தொகுதியை எறி, ஒழுக்கநெறிக் குழுவுக்கு எழுது" என்றார். அந்தக் கடிதம் எழுதியதுதான் ஆய்விலேயே கசப்பான வேலை. ஆறு சுண்டெலிகள் வீண்.

இரண்டாம் முறை 1ஏ8-ஐத் தினமும் கொடுத்தேன். ஒன்றுவிட்ட நாளில், அதன் மேல் ஒட்டிக் கொல்லும் வேலையைக் கூட்டும், எலிப் பிறபொருளெதிரிகளைப் பிடிக்கும் இன்னொரு பிறபொருளெதிரியும். கட்டுப்பாட்டுக்கும் அப்படியே. தேடும்போது மேற்பரப்பை நம்பாமல், கலத்தைத் துளைத்து உள்ளே இருக்கும் லை6ஜி-க்குச் சாயமேற்றினேன். கலத்தை அடையாளம் காட்டும் சிடி11பி, லை6சி என்ற வேறு இரண்டு புரதங்களையும் சேர்த்துப் பார்த்தேன்.

இந்த முறை குருதிப் பூச்சு முதலில் அண்ணையிடம் போனது. கண்ணாடித் தகடு முழுவதும் தேடி மூன்று மோதிரம் என்றார். புண் அளவெடுப்பை அடுத்த நாளே தொடங்கினோம்.