கருத்துக் கேட்புக் கூட்டம் வராது, எழுத்தில் கொடுங்கள்

ஏரிக்கரை ஓரமாகத் தகர வேலி எழும்பி, ஆயிரம் வீடு கொண்ட வளாகம் வருகிறது என்று தெரிந்ததும் குடியிருப்போர் சங்கங்கள் முதலில் கேட்பது, "மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எப்போது?" என்பதுதான். தமிழ்நாட்டில் அப்படியொரு கூட்டம் நடக்காது. 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ஊரைக் கூட்டிக் கேட்கச் சொல்கிறது. அட்டவணையின் 8ஆவது இனமான கட்டடங்களுக்கும் நகரியங்களுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு. ஐயாயிரம் பேரைக் குடிவைக்க அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டாம் என்பது விந்தையான விலக்குதான். சட்டம் மாறும்வரை அதை வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும்.

பேச இடமே இல்லை என்று ஆகிவிடாது. கோப்பு பல மேசைகளைத் தாண்டித்தான் போகிறது. எந்த மேசையில் எப்போது இருக்கிறது என்று தெரிந்தவர்களின் கடிதம் படிக்கப்படும்.

நிலம் முழுமைத் திட்டத்தில் (எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் மாஸ்டர் பிளான்) விவசாய மண்டலமாக இருந்தால், முதலில் நிலப்பயன் மாற்றம் வாங்க வேண்டும். இதற்கு ஆட்சேபணை கேட்டு நாளிதழில் விளம்பரம் வரும். அக்கம்பக்கத்தாரைச் சட்டமே கூப்பிட்டுக் கேட்கும் அரிய கட்டம் இது. விளம்பரத்தைப் பார்த்தால் கிராமப் பெயரும் புல எண்ணும்தான் இருக்கும், வளாகத்தின் பகட்டான பெயர் இருக்காது. ஆகவே வேலி போட்ட அன்றே அரசின் இ-சேவைத் தளத்தில் அ-பதிவேடும் (நிலத்தின் வகையும் உரிமையும் காட்டும் வருவாய்ப் பதிவேடு) புலப்படமும் எடுத்து, உள்ளே இருக்கும் எல்லாப் புல எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை என்று புறம்போக்கு ஓடுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது சுற்றுச்சூழல் அனுமதி. 20,000 சதுர மீட்டர் கட்டுமானப் பரப்பைத் தொட்டாலே இது கட்டாயம். இந்தக் கணக்கில் அடித்தளமும் வண்டி நிறுத்தமும் சேரும், மனைப் பரப்புக்கு எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டுக் (எஃப்எஸ்ஐ) கணக்கில் அவற்றில் பெரும்பகுதி சேராது. விளம்பரத் தாளில் 17,000 என்று போட்டிருப்பதைப் பார்த்து, அனுமதி தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். ஒரே நிலத்தைக் 'கட்டம் 1', 'கட்டம் 2' என்று பிரித்து, ஒவ்வொன்றையும் 19,000க்குள் காட்டுவதும் பழைய உத்திதான். வாயிலும் கழிவுநீர் நிலையமும் பொதுவாக இருந்தால், இரண்டும் ஒரே திட்டம்தான் என்பதற்கு அதையே வரைபடத்தோடு எழுதுங்கள்.

விண்ணப்பம் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி இணையதளமான பரிவேஷில் ஏறும். படிவம் 1, 1அ, கருத்துரு வரைபடம் மூன்றையும் இறக்கிக்கொள்ளலாம். 15 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள நீர்நிலை, சதுப்புநிலம், வெள்ளம் தேங்கும் இடம் எல்லாவற்றையும் படிவம் 1 கேட்கிறது. பக்கத்து ஏரியின் பெயர் அதில் விடுபட்டிருந்தால் அதுவே உங்கள் முதல் ஆட்சேபணை. விண்ணப்பத்தைப் பரிசீலிக்க மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழுவுக்கு 60 நாள், அதன்பின் அனுமதி தரும் மாநில ஆணையத்துக்கு 45 நாள் என்பது விதி. குழுவின் கூட்டத்துக்கு முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும். பரப்பு 1,50,000 சதுர மீட்டரைத் தொட்டால் ஆய்வு வரம்பு நிர்ணயிக்கும் கட்டம் தனியாக உண்டு. எதை ஆய்வு செய்யச் சொல்ல வேண்டும் என்பதை அங்கேயே கேட்டுவிடுங்கள்.

கடிதத்தில் "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கும்" என்பதைவிடக் கணக்குக்கு வலு அதிகம். வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான அளவு. ஆயிரம் வீட்டுக்கு நாளுக்கு 6.75 லட்சம் லிட்டர் வரும். இதில் கழிப்பறைக்கு ஆளுக்கு 45 லிட்டர் மறுசுழற்சி நீர் என்று காட்டுவார்கள். அதைக் கழித்தாலும் நல்ல நீர் 4.5 லட்சம் லிட்டர் வேண்டும், அதாவது 12,000 லிட்டர் லாரியில் 38 நடை. குடிநீர் வாரியமோ உள்ளாட்சியோ எத்தனை லிட்டருக்கு உறுதிக் கடிதம் கொடுத்திருக்கிறது, மிச்சம் யார் ஊர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் என்று கேளுங்கள்.

கழிவுநீர் இதில் 80 விழுக்காடு, அதாவது 5.4 லட்சம் லிட்டர். கழிப்பறைக்கு 2.25 லட்சம் போக மீதியைத் தோட்டத்துக்கு விடுவோம் என்று எழுதுவார்கள். ஐப்பசி அடைமழையில் எந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும்? அது மழைநீர் வடிகாலில் இறங்கி ஏரிக்குப் போகும். தொடக்க ஆண்டுகளில் சிக்கல் வேறு: ஐந்தில் ஒரு வீட்டில்தான் ஆள் இருப்பார்கள், வரும் கழிவு போதாமல் சுத்திகரிப்புத் தொட்டியின் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், நாற்றம் கிளம்பும். நிலையத்தை இரண்டு மூன்று பகுதியாகக் கட்டி, ஒவ்வொன்றாக ஓட்டும்படி நிபந்தனை கேட்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் மண் நிரப்பும் உயரம். பத்து ஏக்கர் தாழ்நிலத்தில் அரை மீட்டர் தண்ணீர் நின்றால் அது 2 கோடி லிட்டர். அங்கே மண்ணடித்து மேடாக்கினால் அந்த 2 கோடி லிட்டரும் பக்கத்துத் தெருவுக்கு நகரும். இதற்குப் பதிலாக மழைநீர் உறிஞ்சு குழிகளைக் காட்டுவார்கள். ஒரு மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் ஆழக் குழி ஒன்று 2,400 லிட்டர்கூடப் பிடிக்காது. நூறு குழி தோண்டினாலும் 2.4 லட்சத்தைத் தாண்டாது. நீர்வளத் துறை தரும் வெள்ளப் பாதிப்புத் தடையின்மைச் சான்றில்தான் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயர்த்தலாம், வாய்க்காலை எவ்வளவு அகலம் விடவேண்டும் என்பது இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் இருப்பதால் முதல் வாரமே போட்டுவிட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற கறை உங்கள் சுவரில் இருந்தால், அளவுகோல் வைத்துப் படம் எடுத்து இணையுங்கள்.

சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தரும் திட்ட அனுமதிக் கட்டத்தில் சாலை அகலம்தான் பிடி. 18.3 மீட்டருக்கு மேல் போகும் உயரக் கட்டடத்துக்குக் குறைந்தது 12 மீட்டர் சாலை வேண்டும். ஆவணத்தில் 12 இருக்கும், டீக்கடை வளைவில் நாடா பிடித்தால் 9 வரும். எங்கே அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் சாலை போக 10 விழுக்காடு திறந்தவெளியை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் செய்து தர வேண்டும். அதற்குப் பொதுச் சாலையிலிருந்து வழி இருக்கிறதா என்று பாருங்கள். வளாகச் சுவருக்குள் மாட்டிக்கொண்ட பூங்காவுக்கு ஊர்க் குழந்தைகள் போக முடியாது.

ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். அது திட்டத்தை நிறுத்தாது, பின்னால் வழக்குக்கு உதவும் சான்று. கட்டுநர் தாமே நடத்தும் சந்திப்புக்கும் போய் வாருங்கள், சமோசா நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கே தரும் வாய்மொழிக்கு மதிப்பில்லை. "வாய்க்காலைத் தொட மாட்டோம்" என்றால், அதை அனுமதியில் நிபந்தனையாகச் சேர்க்கச் சொல்லி நிபுணர் குழுவுக்கு எழுதிவிடுங்கள்.

ஒரே கடிதத்தை இருநூறு பேர் கையெழுத்திட்டு அனுப்பினால் கோப்பில் அது ஒரு கடிதம்தான். தண்ணீர், மட்டம், சாலை என்று ஆளுக்கொன்றாக, திட்ட எண்ணும் புல எண்ணும் போட்டு, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டால் ஏழு நாளுக்குள் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் வர வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், தக்க காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் கட்டுநர் தரவேண்டிய நிபந்தனை இணக்க அறிக்கைகளைக் கேட்டு வாங்கி, களத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.