கைபேசிக் கதிர்வீச்சும் 2பி என்னும் முத்திரையும்

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011 மே மாதத்தில், கைபேசிகள் வெளியிடும் ரேடியோ அலைகளைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்னும் 2பி பிரிவில் சேர்த்தது. அப்பிரிவு சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது என்பதை, இந்த முத்திரையைக் காட்டிக் கைபேசி புற்றுநோய் தரும் என்று பரப்பும் வாட்ஸ்அப் மருத்துவர்கள் ஏனோ குறிப்பிடுவதில்லை.

எக்ஸ் கதிரைப் போல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து அவற்றை அயனியாக்கும் ஆற்றல் இவ்வலைகளுக்குக் கிடையாது. உறுதியாக நிறுவப்பட்ட விளைவு, திசு சிறிதளவு சூடாவதுதான். இந்தியாவில் தலைப்பகுதிக்கான உட்கவர்வு வரம்பு, அதாவது திசு உறிஞ்சும் அலை ஆற்றலுக்கான உச்ச அளவு (SAR), கிலோவுக்கு 1.6 வாட்; பல கைபேசிகளில் *#07# என்று அழுத்தினால் அந்தக் கருவிக்குரிய அளவைக் காணலாம். ஆயினும், சிக்னல் நலிந்த இடங்களில் கைபேசி தன் திறனைக் கூட்டி அலைகளை அனுப்புவதால், அங்கே நீண்ட நேரம் பேச நேர்ந்தால் நான் இயர்போனையே பயன்படுத்துகிறேன்.