வெல்டிங் இன்ஜினியர் தேர்வு: எஞ்சிய தகைவை அரைப் பக்கத்தில் முடிக்காதீர்கள்

ஐ.டபிள்யூ.இ. (இன்டர்நேஷனல் வெல்டிங் இன்ஜினியர்) தேர்வு முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன் என்ற நிம்மதியோடு எழுதுகிறேன். தேர்வு எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். என்னைக் கரைசேர்த்தது எஞ்சிய தகைவு (வெல்டு ஆறிய பிறகு, வெளிச்சுமை இல்லாமலே உலோகத்துக்குள் தங்கிவிடும் இழுப்பும் அமுக்கமும்) என்ற ஒரே பகுதி. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கையில் கிடைத்த குறிப்புகளெல்லாம் இதை அரைப் பக்கத்தில் முடித்துவிடுகின்றன. "ஈல்டு வலிமை அளவுக்குத் தகைவு எஞ்சும், ஸ்ட்ரெஸ் ரிலீவிங் செய்தால் குறையும்." அவ்வளவுதான். (ஈல்டு என்பது உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் நிலை; ஸ்ட்ரெஸ் ரிலீவிங் என்பது வெல்டு செய்ததைச் சூடேற்றி மெல்ல ஆறவிடுவது.) உலோகவியல் தாளும் வடிவமைப்புத் தாளும் சந்திக்கும் இடத்தை இப்படி விட்டுவிடுவது எனக்கு இன்னமும் ஆத்திரம் தருகிறது.

மூன்று கம்பிப் படத்தைக் கையால் வரையுங்கள். இரு முனைகளிலும் கட்டப்பட்ட மூன்று கம்பிகளில் நடுக்கம்பி மட்டும் சூடாகிறது. அது நீள முயல்கிறது, பக்கத்துக் கம்பிகள் விடுவதில்லை. எஃகின் விரிவுக் கெழு டிகிரிக்கு 12 × 10⁻⁶, மீள்மைக் குணகம் (விறைப்பின் அளவு) 210 ஜிகாபாஸ்கல். பெருக்கினால் டிகிரிக்குச் சுமார் 2.5 மெகாபாஸ்கல். பக்கக் கம்பிகள் அசையவே இல்லை என்று கொண்டால், 250 மெகாபாஸ்கல் ஈல்டு உள்ள எஃகு 100 டிகிரி ஏறியதுமே அமுக்கத்தில் ஈல்டு ஆகிவிடும். அதற்கு மேல் ஏறும் சூடு முழுவதும் கம்பியை நிரந்தரமாகக் குறுக்குகிறது. 200 டிகிரி ஏற்றி ஆறவிட்டால், குறுகிய கம்பி இழுவிசையில் ஈல்டு வரை வந்து நிற்கும். வெல்டு உலோகமோ 1500 டிகிரியிலிருந்து ஆறுகிறது! இதைப் போட்டுப் பார்த்தவருக்கு மனப்பாடம் தேவையில்லை. வெல்டில் இழுவிசை, தள்ளி அமுக்கம், வெட்டுமுகம் முழுவதும் கூட்டினால் சுழியம்.

ஃபேப்ரிகேஷன் பட்டறையில் இருப்பவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். பிளேட்டைக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் அவ்வளவாக வளையாது. வளையாமல் போனது தகைவாக உள்ளேயே தங்கிவிடும்.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்டது: "எஞ்சிய தகைவே ஈல்டைத் தொடுகிறதே, இழுவைச் சோதனையில் மாதிரி ஏன் பாதிச் சுமையில் அறுவதில்லை?" எஃகு இளகி நீளும், வெல்டு பகுதி ஈல்டு ஆனதும் கூடுதல் சுமையை அமுக்கத்தில் இருக்கும் பக்கத்துப் பகுதி வாங்கிக்கொள்ளும், உடைவதற்குள் எஞ்சிய தகைவு கரைந்துவிடும். இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி: "பிறகு ஏன் அதற்கு இவ்வளவு பயம்?" இங்கேதான் பண்பு பண்பாகப் பிரித்துப் பேச வேண்டும்:

- அயர்வு (திரும்பத் திரும்ப வரும் சுமையால் விரிசல் விடுவது): வெல்டின் ஓரம் ஏற்கெனவே இழுவிசையில் இருப்பதால் தகைவு வீச்சு (சுமை ஏறி இறங்கும்போது வரும் தகைவு வேறுபாடு) மட்டுமே கணக்கு. வெல்டு செய்தபடியே விட்ட மூட்டில் உயர்வலிமை எஃகு போட்டாலும் அயர்வு வகுப்பு (மூட்டு அயர்வைத் தாங்கும் தரவரிசை) ஏறாது. இதை அடிக்கோடிடுங்கள்.
- நொறுங்கு முறிவு (நீளாமல் சட்டென்று உடைவது): குளிரில் எஃகு இளகாது, அதனால் தகைவும் கரையாது. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்து துறைமுகத்தில் அமைதியான நீரில் நின்ற எஸ்.எஸ். ஸ்கெனெக்டடி கப்பல் ஏறக்குறைய இரண்டாகப் பிளந்ததை உதாரணம் காட்டலாம். ஆனால் எஞ்சிய தகைவை மட்டும் குற்றவாளியாக்காதீர்கள். மோசமான வெல்டையும் எஃகின் தரத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.
- நெளிவு (அமுக்கத்தில் பக்கவாட்டில் வளைந்துபோவது): தூணில் அமுக்கப் பகுதி முன்னதாகவே ஈல்டு ஆகும், தாங்குதிறன் குறையும்.
- ஹைட்ரஜன் விரிசல்: ஹைட்ரஜன், கடினமான நுண்ணமைப்பு, இழுவிசை மூன்றும் சேர வேண்டும். ப்ரீஹீட் (வெல்டுக்கு முன் சூடேற்றுவது) முக்கியமாக முதல் இரண்டைத்தான் கவனிக்கிறது.

ஸ்ட்ரெஸ் ரிலீவிங் பற்றி "தகைவை நீக்கும்" என்று எழுதாதீர்கள். 600 டிகிரி அளவில் ஈல்டு இறங்குகிறது, கூடவே க்ரீப் (சூட்டில் உலோகம் மெல்ல மெல்ல இளகி நீள்வது) நடக்கிறது. தகைவு அந்த அளவுக்குத்தான் இறங்கும். வேகமாகவோ சீரில்லாமலோ ஆறவிட்டால் புதிய தகைவு வந்து உட்கார்ந்துகொள்ளும். குவென்ச் செய்து (சட்டென்று குளிர்வித்து) டெம்பர் செய்த (மறுபடி மிதமாகச் சூடேற்றிய) எஃகில் டெம்பரிங் வெப்பநிலையைத் தாண்டினால் வலிமை போய்விடும். இந்தக் கடைசி வரியை மறந்தே பலர் மதிப்பெண் விடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

மனப்பாடம் செய்தே தீர வேண்டியவை: எஃகு வெல்டில் எவ்வளவு கடினமாகும் என்று காட்டும் கார்பன் சமமதிப்புச் சூத்திரம் (மாங்கனீஸை 6-ஆல், குரோமியம், மாலிப்டினம், வனேடியத்தை 5-ஆல், நிக்கல், செம்பை 15-ஆல் வகுத்துக் கார்பனோடு கூட்டுவது), 800-லிருந்து 500 டிகிரிக்கு ஆறும் நேரம் எதையெதைப் பொறுத்தது என்பது. மற்றவற்றை வரைந்தே பெறலாம்.

நான் வரைந்து புரிந்துகொள்ளும் ஆள். வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்ததும் ஒரு தாள் கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னிடம் யாரும் முகம் சுளிக்கவில்லை. நீங்களும் கேளுங்கள்.